பலகையை மாற்றினீர்களா?

திருமங்கலம் போய்த் திரும்பும் பேருந்தில் பலகையை மாற்ற மறந்துவிட்டால் என்ன ஆகும்? பெரியார் நிலையம் போகவேண்டியவர் ஏறாமல் நின்றுவிடுவார், அல்லவா?

வலைப்பக்கத்துக்கும் இப்படியொரு பலகை உண்டு. எச்.டி.எம்.எல். ஆவணத்தின் முதற் குறிச்சொல்லுக்குள் 'லாங்' என்ற மொழிக்குறிப்பை எழுதுவார்கள். ஆங்கிலமானால் 'இஎன்', தமிழானால் 'டிஏ'. பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணில் இது படாது. ஆனால் பார்வையற்ற மாணவருக்குப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான், எந்த மொழிக் குரலில் படிப்பது என்பதை இதைக் கொண்டுதான் அறிகிறது.

மொழிபெயர்க்க உதவும் மென்பொருள்கள் பல, குறிச்சொற்களுக்கு இடையிலுள்ள வாசகத்தை மட்டும் பிரித்து நம்மிடம் தருகின்றன, குறிச்சொற்களைத் தொடுவதில்லை. பாடம் தமிழாகிவிடும், பலகையோ 'இஎன்' என்றே நிற்கும்! ஆங்கிலக் குரல் தமிழைக் கடித்துத் துப்பும். சில குரல்கள் வாயே திறக்கமாட்டா.

எல்லா 'இஎன்'னையும் 'டிஏ' ஆக்கிவிடலாமே என்பீர்கள். கூடாது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் பாருங்கள். மேலே ஆங்கிலக் குறிப்பு, கீழே தமிழ் நூல். இத்தகைய ஆவணத்தில் ஆங்கிலமாகவே விடும் பகுதிக்கு 'இஎன்' வேண்டும். அதை மென்பொருளிடம் விடாமல் நீங்களே பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கணினியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் 'யு'வை அழுத்துங்கள். முதல் வரிகளில் என்ன பலகை தொங்குகிறது?