சென்னை – மதுரை: வானத்தில் அரை மணி, தரையில் எத்தனை மணி?



ஒருநாள் கேன்டீனில் நண்பன் ஒருவன், “ஏண்டா, மதுரைக்கு பிளேன்ல போனா அரை மணிதானே?” என்றான். “கணக்கு போட்டுப் பார்த்துடலாம் வா” என்று உட்கார்ந்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன்.

தூரம் காண்பது எப்படி?

சர்வே பாடத்தில் டிராவர்ஸ் கணக்குக்கு லாட்டிட்யூட், டிபார்ச்சர் கண்டோமே, ஏறக்குறைய அதே முறைதான்.

சென்னை விமான நிலையம்: வடக்கு 12°59′, கிழக்கு 80°10′
மதுரை விமான நிலையம்: வடக்கு 9°50′, கிழக்கு 78°05′

வடக்கு தெற்கு வித்தியாசம் 3.15 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. என்றால் 350 கி.மீ.

கிழக்கு மேற்கு வித்தியாசம் 2.08 டிகிரி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், இதை நடு அட்சரேகையின் கோசைன் மதிப்பான 0.98 ஆல் பெருக்க வேண்டும். வருவது 226 கி.மீ.

இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 417 கி.மீ. விமானிகள் கணக்கில் 225 நாட்டிக்கல் மைல்.

நேரம் ஏன் கூடுகிறது?

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று கொண்டால் 31 நிமிடம் வருகிறது. நண்பன் சொன்னது சரிதான்! ஆனால் கால அட்டவணையிலோ ஏறக்குறைய ஒன்றேகால் மணி. காரணம், சக்கரத்து முட்டுக்கட்டையை எடுத்தது முதல் அங்கே போய் மறுபடி வைக்கும் வரை உள்ள நேரம்தான் அட்டவணை நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முறை வரக் காத்திருக்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. இறங்கும்போதும் ஓடுபாதைக்கு நேராக வரச் சுற்றிவர வேண்டும்.

நம்ம ஊர்க்காரருக்கு இது புதிதா என்ன? பட்டுச்சேலைக்குத் தறியில் நெய்யும் நாளை மட்டுமா எண்ணுகிறோம்? சாயம் தோய்ப்பது, பாவு ஓட்டுவது, பாவு பிணைப்பது எல்லாம் சேர்ந்ததுதானே!

காஞ்சியிலிருந்து மொத்தக் கணக்கு

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து மீனம்பாக்கம் ஒன்றரை மணி. சோதனை, காத்திருப்பு இரண்டு மணி. பயணம் ஒன்றேகால் மணி. பெட்டியை எடுத்து மதுரை ஊருக்குள் போக முக்கால் மணி. ஆக ஐந்தரை மணி! ராத்திரி செங்கல்பட்டில் ரயில் ஏறிப் படுத்தால் விடியலில் மதுரை.

ஒரு கேள்வி

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு நம் மாவட்டத்துப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அது வந்தால் நமக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். ஆனால் அதற்குத் தேவை 5,000 ஏக்கருக்கும் மேல். அதில் வயல் உண்டு, ஏரி உண்டு, வீடும் உண்டு. ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டு முதலே எதிர்த்துப் போராடினார்கள்.

நாளை டோட்டல் ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு இப்படிப்பட்ட வயல்களில் அளக்கப் போகிறவர்கள் நாம்தான். நமக்கு மிச்சமாகும் அந்த ஒரு மணிக்கு யார் எதைக் கொடுக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எழுதக் கற்போம், தோழர்களே!

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்