சேனைக்குப் புளி எப்போ ஊத்தணும்?

பொங்கல் சந்தையில குவிச்சு வச்சிருக்கிற சேனை புதுசாத் தோண்டினது. புதுக்கிழங்குதான் ரொம்ப அரிக்கும். முழுசா வாங்கினா மண்ணோடயே காத்தோட்டமான மூலையில ரெண்டு மூணு வாரம் போட்டு வை. அவசரமா சமைக்கணும்னா கடைக்காரர்கிட்ட கஜேந்திரா ரகம் இருக்கான்னு கேளு, அதுல அரிப்பு கம்மி.

கையும் கிழங்கும் காய்ஞ்சிருக்கணும். உள்ளங்கையில தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டு, தோலைத் தடிமனாவே சீவு. இதுல போய் சிக்கனம் பார்க்காதே. நறுக்கி முடிச்ச பிறகு அரிசி களைஞ்ச தண்ணியில ரெண்டு தரம் அலசினாப் போதும். கிழங்குல ஊசி ஊசியா இருக்கிற கால்சியம் ஆக்சலேட்தான் தோல்ல குத்தி அரிப்பைக் கிளப்புது. அப்படியும் கை அரிச்சா, புளியைக் கரைச்சுத் தேய்ச்சுக் கழுவு.

புளி போடணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, எப்போ போடணும்னு சொல்ல மாட்டாங்க. புளிப்பு சேர்ந்தா கிழங்கு சீக்கிரம் குழையாது. வறுவலுக்கு அதுதான் வேணும். அரை விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, மஞ்சள், உப்பு, நீர்க்கப் புளித்தண்ணி ஊத்தித் திறந்த பாத்திரத்துல முக்கால் பதம் வேக வை. குக்கர் வேண்டாம்டி, ஒரு விசில் கூடிப்போனாலும் களியாயிடும். தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு, மிளகாய்த்தூள், சோம்புத்தூள், கொஞ்சம் அரிசி மாவு பிசிறி, தோசைக்கல்லுல சிறு தீயில ரெண்டு பக்கமும் சிவக்க விடு. மீன் வறுவல் கேட்டு அடம்பிடிக்கிறவங்களும் தட்டை நீட்டுவாங்க.

மசியலுக்கு நேர்மாறு. அதுக்குப் பிடிகருணை வாங்கு, பழசா, தோல் சுருங்கினதா. தோலோட குக்கர்ல நல்லா குழைய வேக வச்சு, உரிச்சு, சூட்டோட மசிச்சிடு. வெந்த துவரம்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்துக் கொதிக்க விட்டு, இறக்கின பிறகு எலுமிச்சம்பழம் பிழி. சாறு தாராளமாவே இருக்கட்டும், தொண்டைக் கரகரப்புக்கு அதுதான் காவல். புளிக்கரைசல்தான் பிடிக்கும்னா, அதைத் தனியாப் பச்சை வாசனை போகக் கொதிக்க வச்சு, மசிச்ச கிழங்குல ஊத்து.

வீட்ல யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தா, டாக்டரைக் கேட்காம ஆக்சலேட் இருக்கிற இந்தக் கிழங்குகளைப் பரிமாறாதே.

பாதி வெட்டின சேனையைப் பிளாஸ்டிக் பையில கட்டி வைக்காதே, வியர்த்து அழுகும். வெட்டுவாய் காய்ஞ்சதும் காகிதத்துல சுத்தி வச்சிட்டு, அடுத்த சமையலுக்கு அந்தக் காய்ஞ்ச பக்கத்தை மட்டும் மெல்லிசாச் சீவி எறிஞ்சிடு.