திறனாய்வாளர் மதிப்பெண்ணும் வீட்டார் மதிப்பெண்ணும்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தம்பி, பண்டிகைக்குக் கிடைத்த காசையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு வீடியோ விளையாட்டு வாங்கினான். திறனாய்வாளர்கள் 100க்கு 90க்கு மேல் வழங்கிய விளையாட்டு அது. இரண்டே நாளில் அலுத்துவிட்டது. "மார்க் போட்டவர்கள் பொய் சொல்லிவிட்டார்களா, அக்கா?" என்று கேட்டானாம். இதைப் பற்றி வகுப்பில் பேசத் தொடங்கி, நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தே போனோம்.

2006ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, 'வீ' என்னும் கருவியையும் 'வீ ஸ்போர்ட்ஸ்' என்னும் விளையாட்டையும் வெளியிட்டது. டென்னிஸ், பேஸ்பால், பவுலிங், கோல்ஃப், குத்துச்சண்டை ஆகிய ஐந்தே அதில் உண்டு. கையிலுள்ள சிறு கோலை மட்டைபோல் வீசினால் திரையிலுள்ள பொம்மையும் வீசும். படங்கள் மிக எளியவை, ஆழம் போதாது என்று திறனாய்வாளர் பலர் குறை கூறினர். இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக்கில் அதற்குக் கிடைத்தது 76. அமெரிக்க முதியோர் இல்லங்களிலோ பாட்டிமார்கள் அதை வைத்து பவுலிங் போட்டியே நடத்தினார்கள்! 8 கோடிக்கும் மேல் விற்றது. (பல நாடுகளில் கருவியோடு சேர்த்தே கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

திறனாய்வாளர் ஆண்டுதோறும் பல விளையாட்டுகளை ஆடுகிறார். குறித்த நாளுக்குள் எழுதியும் தர வேண்டும். நாள்தோறும் கல்யாண விருந்து உண்பவர் சாம்பாரிலும் புதுமை தேடுவார் அல்லவா? வேலை முடிந்து அரைமணி நேரம் தங்கையோடு ஆட அமர்பவருக்கோ ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ள முடிந்தால் போதும். முன்னவர், 'மற்றவற்றைவிட இது சிறந்ததா?' என்று பார்க்கிறார். பின்னவர், 'இன்று மாலை எனக்கு மகிழ்ச்சி தந்ததா?' என்று பார்க்கிறார்.

எல்லாப் பிணக்கும் இத்தனை நல்லெண்ணத்தோடு எழுவதில்லை. 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் வந்தது. அது பெரியவர்களுக்கானது, நாங்கள் ஆடியதில்லை. திறனாய்வாளர் சராசரி 90க்கு மேல். பொதுமக்கள் சராசரியோ முதல் நாள்களில் 10க்கு 4கூட இல்லை. முடிக்க ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும் விளையாட்டுக்கு, வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானோர் சுழியம் போட்டார்கள். அதன் கதை முன்பே கசிந்திருந்தது, அந்தக் கோபம்தான். பின்னர் மெட்டாகிரிட்டிக், வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பொதுமக்கள் மதிப்பெண் இடலாம் என்று விதி செய்தது. முழுவதும் ஆடி முடித்து, உண்மையாகவே பிடிக்காமல் 4 போட்டவரும் இருந்திருப்பார். அந்த இரைச்சலில் அவர் குரல் யாருக்குக் கேட்டிருக்கும்? எங்களுக்கு அவர்மீதுதான் இரக்கம்.

தம்பியின் விளையாட்டை இப்போது கல்லூரியில் படிக்கும் அவன் மாமா மகன் ஆடுகிறான். இத்தனை நல்ல விளையாட்டை ஏன் விட்டாய் என்று அவன் கேட்கிறானாம். திருப்பித் தரத்தான் மனம் வரவில்லையாம்.