பரவல் தரவுத்தளத்தின் செயல்திறனை அளத்தல்: ரயில் முன்பதிவு தரும் பாடம்

இந்திய மக்கள் நாள்தோறும் மிகுதியாகப் பயன்படுத்தும் கணிப்பொறி அமைப்புகளுள் ரயில்வேயின் பயணிகள் முன்பதிவு அமைப்பு ஒன்றாகும். புணே நகரின் வடமேற்கே, முளா ஆற்றை ஒட்டியுள்ள போபோடியில் குடியிருக்கும் ஒரு தொழிலாளி, சென்னையிலிருந்து புறப்படும் வண்டியில் தம் பெற்றோருக்கு இடம் பதிய விரும்பினால், அதற்காக அவர் சென்னைக்குச் செல்ல வேண்டியதில்லை. புணேயிலேயே சீட்டுப் பெறலாம். ஆனால் அவ்வண்டியின் இடப் பதிவேடு புணேயில் இல்லை. அவரது வேண்டுகோள் பல நூறு கிலோமீட்டர் சென்று, விடை பெற்றுத் திரும்ப வேண்டும். ஒரே நேரத்தில் பல்லாயிரவர் இவ்வாறு கேட்கும்போது அமைப்பு ஈடுகொடுக்குமா என்பதை முன்கூட்டியே அறிவதற்கான முறையே செயல்திறன் அளவீட்டுச் சோதனை ஆகும்.

ஐந்து மையங்கள்

கணிப்பொறிவழி முன்பதிவு 1985-இல் புது தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. மறு ஆண்டில் ரயில்வே தகவல் அமைப்புகள் மையமான 'கிரிஸ்' நிறுவப்பட்டது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் தொடக்கத்தில் தனித்தனியே இயங்கின. கிரிஸ் உருவாக்கிய 'கான்செர்ட்' மென்பொருளின் வாயிலாக 1999-இல் இவ்வைந்தும் ஒரே வலையமைப்பாக இணைந்தன. எந்த ஊரிலிருந்தும் எந்த வண்டிக்கும் இடம் பதியும் வசதி இதனால் கிட்டியது.

இவ்வாறு தகவல் பல இடங்களில் பகிர்ந்து வைக்கப்பட்டு, பயன்படுத்துவோருக்கு ஒன்றுபோல் தோன்றும் அமைப்பே பரவல் தரவுத்தளம். ஒரு மையம் பழுதுற்றாலும் மற்றவை இயங்கும். சுமை பலவற்றில் பங்கிடப்படும். ஆயினும் தொலைவுக்கு ஒரு விலை உண்டு.

தொலைவின் விலை

கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி ஒரு விநாடியில் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 1,000 கிலோமீட்டர். எனவே செய்தி ஒருமுறை போய்வர, குறைந்தது விநாடியில் 100-இல் ஒரு பங்கு தேவை. எவ்வளவு விலை கொடுத்துக் கணிப்பொறி வாங்கினாலும் இந்நேரம் குறையாது.

இரண்டு மையங்களில் உள்ள பதிவுகளை ஒருங்கே மாற்ற வேண்டுமெனில், முதலில் இரண்டையும் ஆயத்தம் செய்து, பின்னரே உறுதி செய்தல் வேண்டும். இதற்கு இருமுறை போய்வருதல் தேவை. அந்நேரம் முழுவதும் பதிவு பூட்டப்பட்டிருக்குமாயின், அந்த ஒரு பதிவை விநாடிக்கு 50 முறைக்கு மேல் மாற்ற இயலாது. ஒரு வண்டியின் பதிவேட்டை ஒரே மையத்தில் வைத்திருப்பதன் பயன் இங்கே புலனாகும். வேண்டுகோள் தொலைவிலிருந்து வந்தாலும், உறுதி செய்தல் ஓரிடத்திலேயே முடிந்துவிடுகிறது.

எவற்றை அளப்பது?

புணேயிலுள்ள சி-டாக் நிறுவனம் 1988-இல் தொடங்கி, 1991-இல் 'பரம் 8000' என்னும் மீக்கணிப்பொறியை உருவாக்கியது. அத்தகைய பொறிகளை விநாடிக்கு எத்தனை கணக்குகள் செய்கின்றன என்பதைக் கொண்டு ஒப்பிடுவது வழக்கம். தரவுத்தளத்திற்கு அவ்வாறு ஓர் எண் போதாது. நிறைவேறிய வேலையின் அளவு, ஒவ்வொருவரும் காத்திருந்த நேரம் ஆகிய இரண்டையும் சேர்த்தே காண வேண்டும்.

காத்திருப்பைச் சராசரியால் அறிய முடியாது. 100 வேண்டுகோள்களில் 98-க்கு 0.2 விநாடியிலும், 2-க்கு 30 விநாடியிலும் விடை கிடைத்ததெனக் கொள்வோம். சராசரி 0.8 விநாடி மட்டுமே. அறிக்கையில் இது நன்றாகத் தோன்றும். ஆனால் அரை நிமிடம் காத்திருந்த இருவருக்குள் இடம் பறிபோயிருக்கும். ஆகவே 100-இல் 95 பேர், 99 பேர் எவ்வளவு நேரத்திற்குள் விடை பெற்றனர் என்று கேட்பதே முறை. மையங்கள் பெருகும்போது இது மேலும் முக்கியமாகிறது. ஒவ்வொரு மையமும் 100-இல் ஒரு முறை தாமதிப்பதாயின், ஐந்து மையங்களையும் கேட்டறியும் வேண்டுகோள்களில் 100-க்கு ஏறத்தாழ 5 தாமதமாகும்.

1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய எளிய விதியும் இங்குப் பயன்படும். அமைப்பினுள் இருப்போரின் எண்ணிக்கை, விநாடிக்கு வருவோரையும் ஒருவர் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கியதற்குச் சமம். நிமிடத்திற்கு 7,200 சீட்டுகள் என்றால் விநாடிக்கு 120. ஒவ்வொன்றும் 5 விநாடி எடுத்தால் உள்ளே 600 பேர் இருப்பர்; அதே வரத்தில் 20 விநாடி ஆனால் 2,400 பேர். தாமதம் நெரிசலைப் பெருக்க, நெரிசல் மேலும் தாமதத்தைப் பெருக்கும்.

பொதுச் சோதனைகளும் அவற்றின் எல்லையும்

வங்கிக் கணக்கில் பற்று, வரவு வைக்கும் செயலை அடிப்படையாகக் கொண்ட சோதனை 1985-இல் வெளியிடப்பட்டது. விற்பனையாளர்கள் ஒவ்வொருவரும் தமக்கு உகந்தவாறு அளந்து விளம்பரம் செய்ததைத் தவிர்க்க, 1988-இல் டி.பி.சி. என்னும் பரிமாற்றச் செயல்திறன் மன்றம் தோன்றியது. 1992-இல் அது வெளியிட்ட 'டி.பி.சி.-சி' சோதனை, மொத்த வணிக நிறுவனத்தின் கிடங்குகளை மாதிரியாகக் கொண்டது. அமைப்பின் விலையையும் வெளியிட வேண்டும், முடிவுகள் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பன அதன் சிறப்புகள். யாகூ ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட 'ஒய்.சி.எஸ்.பி.' சோதனை, பரவல் தரவுத்தளங்களுக்குப் பெரிதும் பயன்படுகிறது.

எனினும் 'டி.பி.சி.-சி'-யில் புதிய வேண்டுகை ஒன்றில் உள்ள பொருள்களுள் 100-க்கு ஒன்று மட்டுமே வேறு கிடங்கிலிருந்து வரும். ஊர்விட்டு ஊர் பிழைக்கச் சென்றோர் மிகுந்த நாட்டின் ரயில் முன்பதிவு அவ்விகிதத்தில் அமையும் எனக் கொள்வதற்கில்லை. பொதுச் சோதனையில் முதலிடம் பெற்றது, குறிப்பிட்ட பணிக்குப் பொருந்தாமலும் போகலாம்.

சோதனையை நடத்தும் முறை

முதலாவதாக, சுமை உண்மையை ஒத்திருக்க வேண்டும். இடம் உள்ளதா என விசாரிப்போர் பலர், பதிவோர் சிலர். ரயில்வே 2025-இல் அறிவித்த புதிய அமைப்பின் இலக்கு நிமிடத்திற்கு 1.5 லட்சம் சீட்டுகள், 40 லட்சம் விசாரணைகள் என்பதாகும். அதாவது ஒரு சீட்டுக்கு ஏறத்தாழ 27 விசாரணைகள். பதிவுகளை மட்டும் செலுத்திச் சோதிப்பது பயன் தராது.

இரண்டாவதாக, சுமை எல்லா வண்டிகளிலும் சமமாகப் பரவுவதில்லை. தத்கால் பதிவு தொடங்கும் காலை நேரத்தில் சில வண்டிகளையே யாவரும் நாடுவர். எல்லாப் பதிவுகளையும் சமமாகத் தொடும் சோதனை, இந்நெருக்கடியை மறைத்துவிடும்.

மூன்றாவதாக, சுமை செலுத்தும் கருவி முந்தைய விடைக்காகக் காத்திருத்தல் கூடாது. அமைப்பு திணறும்போது கருவியும் நின்றுவிட்டால், அந்நேரத்தில் வந்திருக்க வேண்டிய வேண்டுகோள்கள் கணக்கில் சேரா. தாமதமும் குறைவாகத் தோன்றும். உண்மையில் பயணிகள் அவ்வாறு வராமல் நிற்பதில்லை.

நான்காவதாக, சோதனைத் தரவு நினைவகத்தில் முழுவதும் அடங்கும் சிற்றளவாக இருத்தலாகாது. தொடக்கச் சில நிமிடங்களின் அளவுகளை நீக்கி, நெடுநேரம் ஓடவிட்டு, பலமுறை திரும்பச் செய்து, முடிவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் குறித்தல் வேண்டும்.

ஐந்தாவதாக, பழுதையும் சோதிக்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே ஒரு மையத்தை நிறுத்த வேண்டும்; மற்றொரு முறை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இணைப்பு அறுந்த நிலையில் எல்லா வேண்டுகோள்களுக்கும் விடையளிப்பது, விடைகள் யாவும் ஒன்றோடொன்று முரணாதிருப்பது ஆகிய இரண்டையும் ஒருசேரப் பெற இயலாது. எரிக் புரூவர் 2000-இல் கூறிய இக்கருத்து 2002-இல் கணித முறையில் நிறுவப்பட்டது. ஓர் இருக்கையை இருவருக்கு விற்பதைவிட, ஒருவரைச் சற்றுக் காத்திருக்கச் செய்வது மேல். ஆகவே சோதனை முடிந்ததும் விற்ற இடங்களை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. தவறான விடையை விரைந்து தரும் அமைப்பு எவ்வளவு விரைவானதாயினும் தேர்ச்சி பெற்றதாகாது.

அலுவலர்க்கும் மாணவர்க்கும்

இணையவழிச் சீட்டு விற்பனை 2002-இல் தொடங்கியது. 2014-இல் நிமிடத்திற்கு 2,000 என்னும் திறன் 7,200 ஆக உயர்த்தப்பட்டது. 2025-இல் அது 32,000 என்னும் அளவை எட்டியிருந்தது. ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலர் இத்தகைய எண்ணைக் காணும்போது, எந்தச் சுமையில், எத்தனை பேருக்கு எவ்வளவு காத்திருப்புடன், எந்தப் பழுதைத் தாங்கி என்று வினவுதல் வேண்டும். தம் துறையின் உண்மைச் சுமையைக் கொண்டு சோதித்துக் காட்டுமாறு கோரவும் வேண்டும். மாணவர்களோ மூன்று எளிய கணிப்பொறிகளையும் விலையில்லா மென்பொருளையும் கொண்டே, இணைப்பில் செயற்கையாகத் தாமதம் புகுத்தி இவற்றைச் செய்து பார்க்கலாம்.

ரேஷன், ஓய்வூதியம், மருத்துவம் ஆகியவற்றின் பதிவேடுகளும் இன்று கணிப்பொறியிலேயே உள்ளன. சாளரத்தின் முன் நிற்பவருக்கு அமைப்பின் சராசரி வேகத்தால் பயனில்லை. அவருக்குரிய விடை உரிய நேரத்தில் சரியாகக் கிடைக்க வேண்டும். கூட்டம் மிகுந்த நாளிலும், இணைப்பு அறுந்த வேளையிலும் அது கிடைக்குமா என்பதைப் பொதுப்பணம் செலவாகும் முன்பே கண்டறிதல் பொறுப்பிலுள்ளோரின் கடமையாகும்.