நடிப்பைத் துறந்த டைரக்டர்

கேள்வி: பிரெஞ்சு டைரக்டர் ரொபேர் பிரெஸ்ஸோன் தொழில்முறை நடிகர்களை விலக்கியது ஏன்?

பதில்: இளமையில் ஓவியராயிருந்து, யுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியாக ஓராண்டுக்கு மேல் துன்புற்ற பிரெஸ்ஸோன், தம் முதலிரண்டு முழுநீளப் படங்களில் நாடக மேடையின் நட்சத்திரங்களைக் கொண்டே பணியாற்றினார் எனினும், நடிகரின் பயின்ற பாவனையே மனித ஆத்மாவை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்ற தீர்மானத்துக்குப் பின்னர் வந்து சேர்ந்தார். நடித்தறியாத சாமானியரைத் தேடி, 'மாதிரிகள்' என்று அவர்களுக்குப் பெயரிட்டு, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து, உணர்ச்சியைக் காட்டும் முனைப்பு முற்றும் உதிர்ந்தபின் எஞ்சும் குரலையே அவர் ஏற்றார்.

லியோன் நகரத்து மோன்லூக் சிறையிலிருந்து 1943-இல் தப்பிய ஆந்த்ரே தெவின்யியின் சரித்திரத்தை 1956-இல் அவர் படமாக்கியபோது, கதாநாயகனானவர் ஒரு தத்துவ மாணவர். தரையில் தேய்த்துக் கூராக்கிய கரண்டி கதவுப் பலகையைச் சுரண்டும் ஓசையும், காவலரின் காலடியும், தூரத்து ரயிலின் சப்தமும் அப்படத்தில் எய்தும் வலிமையை எந்த மகா நடிகரின் கண்ணீரும் எய்தியிராது என்பது என் திடமான அபிப்பிராயம். கான் விழாவில் சிறந்த டைரக்டர் பரிசு அதற்கே கிடைத்தது.

நாற்பதாண்டுகளில், 1983 வரை, அவர் எடுத்த முழுநீளப் படங்கள் 13 மட்டுமே. அவற்றை வறட்சி என்பாரும் உளர். அவர்கள் இந்தச் சிறைப் படத்தை ஒருமுறை பொறுமையுடன் பார்க்கட்டும்.