கதிருக்கு அத்தை எழுதுவது

கண்ணு கதிர்,

ரத்தப் பரிசோதனையில் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 4.2 என்று வந்ததும் இதயத்தில் அடைப்பு என்றே முடிவு கட்டிவிட்டாயாமே! விடிய விடிய போனில் தேடினாய் என்று உன் அம்மா சொன்னாள். பத்தாவது பரீட்சைக்குக்கூட நீ இப்படி விழித்திருந்ததில்லையே, சாமி!

லேப்பிலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன், கேள். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் சி.ஆர்.பி. என்கிற புரதத்தைச் சுரக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதயத்துக்கு ஆபத்து குறைவு. 3-க்கு மேல் என்றால் கூடுதல். சளியோடு போய் ரத்தம் கொடுத்தால் எண் ஏறத்தான் செய்யும். உடம்பு தேறி, இரண்டு வாரம் போனதும் மறுபடி கொடு.

எந்த ரத்தக் குழாயில் எவ்வளவு அடைப்பு என்று அந்த எண் சொல்லாது. அதைக் காட்டுவது ஆஞ்சியோகிராம். ஆனால் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புக்குள் அழற்சி நீறு பூத்த நெருப்பாக இருக்கும். படிவு கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரும். சின்ன அடைப்புக்கும் இது பொருந்தும்.

அழற்சியைத் தணித்தால் பலன் உண்டா என்று கான்டோஸ் என்ற ஆய்வில் பார்த்தார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. 2-க்குக் குறையாமல் இருந்தவர்கள் பத்தாயிரம் பேர் அதில் இருந்தார்கள். அதில் சோதித்தது கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஓர் ஊசியை. 150 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. உயிரைப் பறிக்கும் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது. முடிவு 2017-இல் வந்தது. நம் மூலனூர்ப் பக்கம் விளைகிற கண்வலிக்கிழங்குச் செடியின் விதையில் கோல்கிசின் இருக்கிறதே, அழற்சியைத் தணிக்கும் அந்த மருந்துக்கும் 2023-இல் அமெரிக்காவில் இதய நோய்க்கு அனுமதி கிடைத்தது. செடியோ கொடிய விஷம். கைவைத்தியம் என்று யாராவது சொன்னால் கிட்டே போகாதே.

உனக்கு வேண்டியது ஊசியல்ல, பழக்கம். ராத்திரி பல் தேய்க்காமல் படுப்பாய்; ஈறு வீங்கினாலும் இந்த எண் ஏறும். தொப்பைக் கொழுப்பும் ஏற்றும். உன் தாத்தா சாப்பிட்டதும் தோட்டத்தை ஒரு சுற்று வருவார். நீ அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாய். அந்த நடையை மறுபடி பிடித்துக்கொள்.

கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றோடும் சேர்த்து இந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டு. எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயே, அந்த சிகரெட்டை இன்றைக்கே விட்டுவிடு, கண்ணு.

அன்புடன்,
அத்தை