முட்டையிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள இளம் ஆய்வாளருக்கு,

இருவாழ்விகளின் செயல்பாட்டுப் பன்மையைத் தட்பவெப்பம் எப்படி வடிவமைக்கிறது என்ற கேள்வியை ஆய்வுக்கு எடுத்திருக்கிறீர்கள். ஒரு காட்டில் எத்தனை இனங்கள் என்று எண்ணுவதோடு நில்லாமல், அவை எத்தனை விதமாகப் பிழைக்கின்றன என்று கேட்பது நல்ல தொடக்கம். பத்து இனங்களும் குட்டையில் முட்டையிடும் காடும், அந்தப் பத்தும் மண்ணடி, மரப்பொந்து, அருவிப் பாறை என்று பிரிந்து வாழும் காடும் பட்டியலில் சமமாகத் தெரியும். மழை பொய்க்கும் ஆண்டில் சமமாக இருக்காது. ஆனால் இத்துறையின் வழக்கம் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். பண்புகளை அளக்கும்போது பலரும் வளர்ந்த தவளையின் உடல் நீளம், கால் நீளம், தலை அகலம் ஆகியவற்றையே எடுத்துக்கொள்கிறார்கள். அருங்காட்சியகக் குப்பியில் இருக்கும் உடலை அளப்பது எளிது என்பதே இதற்குப் பெருங்காரணம். தட்பவெப்பம் மிகக் கடுமையாகக் கைவைப்பதோ முட்டையிலும் தலைப்பிரட்டையிலும்தான். வெயில் ஏறினால் வளர்ந்த தவளை இலைச்சருகுக்குள் புகுந்துகொள்ளும், மண்ணைத் தோண்டி இறங்கும். ஓடில்லாத முட்டைக்கு அந்த வழி கிடையாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயித்தும் 2003-இல் விவரித்த இனம் அது. உருண்டை உடல், ஆண்டின் பெரும்பகுதியும் மண்ணுக்குள் வாசம், உணவு கரையான். நம் சமவெளிகளில் வாழும் யூபெரோடான் சிஸ்டோமாவும் உருண்டையானதுதான், மண்ணுக்குள் வாழ்வதுதான், கரையான் தின்பதுதான். வளர்ந்த உடலை மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே கட்டத்தில் விழும். தலைப்பிரட்டைகளைப் பாருங்கள்: ஊதாத் தவளையின் குஞ்சுகள் உறிஞ்சி போன்ற வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு பாய்ந்தோடும் மலையோடையில் வளர்கின்றன, சமவெளித் தவளையின் குஞ்சுகள் தேங்கிய மழைக்குட்டையில், நீர் வற்றுமுன் வளர்ந்து முடிய வேண்டியிருக்கிறது. முதலாவதற்கு ஓடை வாரக்கணக்கில் ஓயாமல் ஓட வேண்டும்; இரண்டாவதற்கு ஒரு நல்ல மழையும் அதைத் தொடரும் சில வாரத் தேக்கமும் போதும். தட்பவெப்பம் பிரித்து வைத்திருக்கும் இந்த இரண்டு வாழ்முறைகளையும் உங்கள் அளவுகோல் ஒன்றாக்கிவிடக் கூடாது.

அடுத்தது மழை. ஆண்டுச் சராசரியை வரைபடத்திலிருந்து எடுத்துச் சமன்பாட்டில் போடும் பழக்கம் பரவலாக உண்டு. அது போதாது. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அகத்தியமலைப் பகுதியில் அவ்வளவு மழை இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி வருவதால் வறண்ட மாதங்கள் குறைவு. புதர்த்தவளைகள், அதாவது ராவோர்செஸ்டெஸ் பேரினம், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இத்தனை இனங்களாகத் திரண்டிருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து குட்டித் தவளை நேரடியாக வெளிவருகிறது. ஆகவே குளமோ ஓடையோ தேவையில்லை, காற்றும் இலையும் காயாமல் இருக்க வேண்டும். களக்காடு முண்டந்துறையில் வெண்புள்ளிப் புதர்த்தவளை மூங்கிலின் கணுவிடை வெற்றிடத்துக்குள் சிறு பிளவு வழியாக நுழைந்து முட்டையிடுகிறது, ஆண் அங்கேயே காவல் இருக்கிறது. எவ்வளவு மழை என்பதைவிட எத்தனை நாள் ஈரம் என்பதே இத்தகைய வாழ்முறைகளுக்கு முக்கியம்.

இந்த வாழ்முறைப் பன்மை தட்பவெப்பத்தின் வேலை அல்ல, வரலாற்றின் வேலை என்று உங்களிடம் வாதிடுவார்கள். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஊதாத் தவளையின் நெருங்கிய உறவுகள் சேஷெல்ஸ் தீவுகளில் இருப்பதை எந்த மழைக்கணக்காலும் விளக்க முடியாது. மலைத்தொகுதிகளைப் பிரித்த கணவாய்கள் புதர்த்தவளை இனங்கள் பெருகக் காரணமாயின. ஆனால் எந்தக் கிளை எங்கே வந்து சேர்ந்தது என்பது ஒரு கேள்வி, வந்து சேர்ந்த இடத்தில் எந்த வாழ்முறை நிலைத்தது என்பது வேறு கேள்வி. யூபெரோடான், ஸ்பேரோதீக்கா ஆகிய தவளைப் பேரினங்கள் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இரண்டின் பின்னங்காலிலும் மண் தோண்டும் மேடு இருக்கிறது, இரண்டுமே நீண்ட கோடையைத் தாங்கும் தவளைகள். தலைப்பிரட்டையற்ற வளர்ச்சி நம் புதர்த்தவளைகளிலும், அவற்றோடு நெருங்கிய உறவில்லாத கரீபியத் தீவுகளின் கொக்கீ தவளையிலும் தனித்தனியாகத் தோன்றியது, இரண்டும் வாழ்வது ஈரம் மிகுந்த இடங்களில். உறவில்லாத கிளைகள் ஒரே விடையைக் கண்டடைவதுதான் உங்கள் வலுவான சான்று. மரபுவழி உறவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அது நிற்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள்.

இன்னொரு மறுப்பு: காடு அழிவதும் நோயும்தான் காரணம், தட்பவெப்பத்தை ஏன் இழுக்கிறீர்கள் என்பது. 1989-க்குப் பிறகு காணப்படாத கோஸ்டாரிக்காவின் பொன்தேரை விஷயத்தில் வெப்பமயமாதலா, எல் நினோ வறட்சியா, கைட்ரிட் பூஞ்சையா என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். அதிலிருந்து அவசர முடிவு கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் காரணங்களைப் பிரித்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மரக்கூரை போனால் கீழே உள்ள சருகின் ஈரமும் போகிறது. முட்டையைப் பொறுத்தவரை காடழிவும் தட்பவெப்ப மாற்றமே. எனவே வானிலை நிலையத்தின் எண்ணோடு நிற்காமல், சருகுக்கடியிலும் முட்டையிடும் உயரத்திலும் ஈரமானியை வையுங்கள்.

2023-இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி இருவாழ்வி இனங்களில் ஐந்தில் இரண்டு அழிவின் ஆபத்தில் உள்ளன. 2004-க்கும் 2022-க்கும் இடையே நிலை மோசமான இனங்களில் 39 விழுக்காட்டுக்கு முதன்மைக் காரணம் தட்பவெப்ப மாற்றம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பல இனங்களுக்கோ தலைப்பிரட்டை எப்படியிருக்கும் என்ற விவரமே இன்னும் எழுதப்படவில்லை. இரண்டு பருவமழைகளிலும் களத்துக்குச் செல்லுங்கள். முட்டை எங்கே இடப்பட்டது, எத்தனை நாளில் பொரிந்தது, அந்நாட்களில் ஈரம் எவ்வளவு என்று குறித்து, அந்தத் தரவை எல்லோரும் எடுத்தாளும்படி பொதுவில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்தவர் ஒருவர்